மேற்படி கையும் பொதுவான அம்மாவும்

ஒரு மனிதன் தன் கையைத் தன் காதுக்குப் பின்னால் வைப்பது குற்றமா என்று தீர்மானிக்கக் கால்பந்துக் கழகத்தின் ஒழுங்குக் குழு கூடியது. அதைவிட அவசரமான வேலை அன்று குழுவில் யாருக்கும் இருக்கவில்லை. மைதானத்துக் கழிப்பறையின் கதவு விழுந்து எத்தனையோ போட்டிகள் முடிந்துவிட்டன. அதற்காக ஒரு குழுவும் கூடியதில்லை. கதவு யாரையும் சீண்டவில்லை அல்லவா.

நடந்தது இதுதான். எங்கள் பஸ் பணிமனை அணியில் ஆடும் பையனுக்கு ஸ்பேனர் என்று பட்டப்பெயர். பந்தாடுவான் என்பதற்காகவே பணிமனையில் எடுத்த தற்காலிக மெக்கானிக். துறைமுக அணியோடு நடந்த ஆட்டத்தில், எதிர்ப்பக்கத்து ரசிகர்கள் ஆரம்பம் முதலே அவனுடைய அம்மாவைப் பற்றி ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். கடைசி நேரத்தில் அவன் கோல் போட்டான். பாட்டு சட்டென்று நின்றது. ஸ்பேனர் அவர்கள் முன்னால் ஓடிப்போய், காதுக்குப் பின்னால் கையைக் குவித்து நின்றான். இப்போது பாடுங்களேன், கேட்கிறேன் என்று அர்த்தம். வாயைத் திறக்கவில்லை.

குற்றம் உறுதியானால் ஓராண்டுத் தடை. தடை விழுந்தால் பணிமனை வேலையும் போய்விடும். தப்பித்தால், இறுதி ஆட்டம் முடிந்ததும் அவனை நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. எனவே எங்கள் தொழிற்சங்கம் கழக வாசலில் திரண்டு தொண்டை கிழியக் கோஷமிட்டது. சங்கத்தின் சார்பில் சிலர் உள்ளே போய் உட்கார்ந்தோம்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. வாழ்நாளில் பந்தைத் தொட்டதில்லை. ஆகவே அவருடைய நடுநிலைமை சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. புகார் கொடுத்தவர் துறைமுக ரசிகர் மன்றத்தின் தலைவர், தொழில் தையல். கழுத்தில் அளவு நாடாவோடு வந்திருந்தார்.

“உங்களுக்கு என்ன பாதிப்பு?” என்று கேட்டார் குழுத் தலைவர்.

“மனசு புண்பட்டுப் போச்சுங்கய்யா. எங்க ஆளுங்க சில பேரு அன்னைக்குச் சாப்பிடவே இல்ல.”

“அதுக்கு முன்னாடி நீங்க ஏதோ பாடினீங்களாமே?”

“அது ரசிகர்களோட உணர்வுங்கய்யா.”

“உணர்வு. எழுதிக்குங்க” என்றார் தலைவர், செயலாளரைப் பார்த்து.

பின் பெஞ்சிலிருந்து ஸ்பேனரின் அம்மா எழுந்தாள். ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. வேலை முடிந்து சீருடையோடே வந்திருந்தாள்.

“என்னைப் பத்தின பாட்டுதானே? நான் இன்னும் கேக்கலை. ஒரு தடவை பாடச் சொல்லுங்க.”

தையல்காரர் அளவு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

“ஐயோ, உங்களைச் சொல்லலம்மா. சும்மா, பொதுவா ஒரு அம்மாவை.”

“பொதுவான அம்மாவுக்கு எம்புள்ள பேரை எதுக்குய்யா போட்டீங்க?”

“மெட்டுக்கு ஒத்து வந்துச்சும்மா.”

“நல்லா இருக்கு. இத்தனை வருஷம் குடியிருக்கேன், எதிர்வீட்டுக்காரிக்கே என்னைச் சரியாத் தெரியாது. உங்க புண்ணியத்துல ஒரே நாள்ல மைதானத்துக்கே தெரிஞ்சு போச்சு!”

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தீர்க்கமாகச் சொன்னார்: “பாடப்பட்டவர் பொதுவான அம்மா. எனவே குறிப்பிட்ட அம்மா எவரும் பாதிக்கப்படவில்லை. ஆனால் கை பொதுவான கை அல்ல. அது இதோ இவருடைய தோளில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. மேற்படி கையைப் பற்றி நீ என்னப்பா சொல்றே?”

ஸ்பேனர் எழுந்தான். “பாட்டு கேக்கல சார். அதான் கைய வெச்சுப் பாத்தேன்.”

“காது கேக்கலைன்னா உனக்கு ஆடவே தகுதியில்ல. நடுவர் விசில் எப்படிக் கேக்கும்? காது கேக்குதுன்னா நீ சீண்டியிருக்கே. ரெண்டுல எது? நிதானமா யோசிச்சுச் சொல்லு. இங்க யாரும் யாரையும் வற்புறுத்தறதில்ல.”

“கேக்குது சார்.”

“ஒப்புக்கொண்டார். ஓராண்டு” என்றார் தலைவர்.

செயலாளர் பேனாவைத் திறந்தார். துள்ளி எழுந்தவர் தையல்காரர்.

“ஐயா, அப்ப இறுதி ஆட்டத்துல இவன் ஆட மாட்டானா?”

“ஆட மாட்டார். உங்க புகார்தானே?”

“இறுதி ஆட்டமும் எங்க அணியோடதானேங்கய்யா! இவன் இல்லேன்னா நாங்க யாரைத் திட்டறது? புதுப் பாட்டே கட்டி வெச்சிருக்கோம்!”

“வேற யாரையாவது திட்டுங்க.”

“மத்தவன் எவனும் கோல் போட மாட்டான்யா. கோல் போடாதவனைத் திட்டறதுல என்ன சுகம் இருக்கு?”

பொதுமக்களின் நலனைக் குழு எப்போதும் புறக்கணித்ததில்லை. எனவே உத்தரவு திருத்தப்பட்டது. ஸ்பேனர் இறுதி ஆட்டத்தில் ஆடலாம். ஆனால் கோல் போட நேர்ந்தால் மகிழ்ச்சி, கோபம், திருப்தி உள்ளிட்ட எந்த உணர்வையும் உடலின் எந்த உறுப்பாலும் வெளிக்காட்டக் கூடாது. பாரபட்சம் வரக்கூடாது என்பதால், எந்தப் பக்கத்து ரசிகரையும் பார்க்கவும் கூடாது.

வெற்றி, வெற்றி என்று ஸ்பேனரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தோம். “இறக்கி விடுங்கண்ணே, சிரிச்சுடப் போறேன்” என்று அவன் கெஞ்சினான்.

இறுதி ஆட்டத்தின் ஒரே கோலை அவன்தான் போட்டான். எங்கள் பக்கம் மொத்தமும் எழுந்து கைகளை விரித்து நின்றது. அவன் ஓடி வரவில்லை. கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு, புல்லைப் பார்த்தபடி, காலை ஷிப்டுக்குப் போகிறவன் போல மைதான நடுவுக்கு நடந்து போனான். விரித்த கைகளை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

“பாத்தியா திமிரை?” என்றார் ஒரு டிரைவர்.

“உத்தரவு இருக்கே மாமா” என்றான் அவருடைய மருமகன்.

“உத்தரவு அவனுக்குத்தானேடா? நமக்கு மனசு இல்லியா? வெயில்ல நின்னு அவனுக்காகக் கத்தினோமே, திரும்பி ஒரு பார்வை பாத்தா கழுத்தா சுளுக்கிக்கும்?”

ஆட்டம் முடிவதற்குள் எங்கள் பக்கமும் ஒரு பாட்டு கட்டிவிட்டது. மெட்டு துறைமுகத்தாருடையது, சொற்கள் எங்களுடையவை. முன் வரிசையில் இருந்த வார்டு ஆயா எழுந்து வெளியே போனாள்.

மறுநாள் சங்கமே புகார் எழுதியது: ‘உழைக்கும் ரசிகர்களை மௌனத்தால் இழிவுபடுத்தியமை.’ துண்டறிக்கை எழுதிப் பழகிய கைகள். நடை அருமையாக வந்திருந்தது. குழு உடனே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

பணிமனை மேலாளரின் மேசையில் ஸ்பேனரை நிரந்தரமாக்கும் உத்தரவு தயாராக இருந்தது. “கையெழுத்துப் போட எனக்கு ஆட்சேபணையே இல்ல. ஆனா புகார் நிலுவையில இருக்கற தற்காலிகத் தொழிலாளியை நிரந்தரமாக்க விதி இடம் தரலியே” என்றார் அவர். முதன்முறையாக அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

விதி இருப்பது உண்மைதான். நிர்வாகத்தின் கைக்கூலிகள் குறுக்கு வழியில் நிரந்தரமாகிவிடக் கூடாதென்று, தடியடி பட்டு, சிறைக்குப் போய், அதை வாங்கித் தந்தவர்கள் நாங்கள்.