சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வாடிக்கையாளர்

ஓவியருக்கு அன்று காலை வந்தது என்னவோ நல்ல செய்திதான். ஆனால் படித்ததும் மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டார். குழந்தைகள் புத்தகம் போடும் பெரிய பதிப்பகம் ஒன்றின் பதிப்பாசிரியை எழுதியிருந்தார்: "புதிய புத்தகத்துக்கு ஓவியர் தேடுகிறோம். உங்கள் படங்களைப் பார்க்க ஒரே ஒரு இணைய முகவரி அனுப்புங்கள். மாதக் கடைசியில் முடிவு செய்கிறோம்."

அந்த 'ஒரே ஒரு'வில்தான் வினை. ஓவியருக்கு இணையத்தில் இல்லாத முகவரி இல்லை. ஒன்றில் 'விரைவில் வருகிறேன்' என்று எழுதிவைத்துவிட்டு, அவரே அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்து வருஷக்கணக்காகிறது. இன்னொன்றில் மீசையோடு இருப்பார். அந்த மீசையை அவர் மனைவியே பார்த்ததில்லை. வேறொன்றில் படங்களைவிட, காக்காவுக்குக் காலில் எத்தனை விரல் என்று முன்பின் தெரியாத ஒருவரோடு போட்ட சண்டைதான் அதிகம். மிச்சமிருந்த பக்கத்தின் கடவுச்சொல் ஆண்டவனுக்கே வெளிச்சம். எது நல்ல படம், எது கிறுக்கல், எது யாரிடமிருந்தோ பிடித்துப்போய் எடுத்துவைத்தது என்று அவருக்கே சொல்லத் தெரியாது.

இந்தக் கோலத்தை அனுப்பினால் புத்தகம் போச்சு. கையில் புத்தக வேலை இல்லாமல் மருந்துக்கடைப் பைக்குப் படம் போட்டுக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவருக்கு இது வாழ்வா சாவா என்கிற சங்கதி.

வேடிக்கை என்னவென்றால், இந்த நோய்க்கான மருந்து அடுத்த அறையிலேயே உட்கார்ந்திருந்தது. அவர் மனைவிக்கு அதுதான் தொழில். பாடுகிறவர்கள், எழுதுகிறவர்கள், நகை வடிவமைக்கிறவர்கள் என்று கலைத்துறையில் இருக்கிற அத்தனை பேரும் இணையத்தில் இறைத்துவைத்திருப்பதை எப்படி ஒழுங்குபண்ணுவது என்று வழி சொல்லிக்கொடுப்பார். அடுத்தது என்ன செய்யலாம் என்று தவிப்பவர்களுக்கு அதையும் தேடி அடுக்கிக் கொடுப்பார். வாடிக்கையாளர்கள் 'அடுக்கக்கா' என்று தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள்.

அப்படியானால் போய்க் கேட்கவேண்டியதுதானே? எந்த வாயை வைத்துக்கொண்டு கேட்பது? போன மாதம்தான் மனைவியின் தம்பி வீட்டில், நிறைந்த சபையில், அந்த வாய் நீண்டிருந்தது.

"உங்க அக்கா பாக்குறது ஒரு வேலையா மச்சான்? மத்தவங்க வீட்டைப் பெருக்குறாங்க, இவ இன்டர்நெட்டைப் பெருக்குறா. கலைஞன்னா கலைஞ்சுதான் இருப்பான். என் குப்பையை நான் யாரையும் தொட விடமாட்டேன்."

அடுக்கக்கா உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சில் ஒரு சுளையை எடுத்து அவர் கையில் வைத்தார். அது கொஞ்சம் புளிப்பாகவும் இருந்தது.

ஓவியர் நாள் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டார். கடைசியில் ஒரு யோசனை உதித்தது. புதிதாக ஒரு மின்னஞ்சல் ஆரம்பித்தார். அதில் அவர் ஓவியர் இல்லை, மண்பாண்டம் செய்யும் ஒரு பெண்மணி. கூச்ச சுபாவம். தொண்டையில் கோளாறு, அதனால் போனில் பேச முடியாது. கேமராவில் கோளாறு, அதனால் முகம் காட்ட முடியாது. எழுத்து மூலம் மட்டுமே தொடர்பு. புதியவர்களுக்கு முதல் மாதம் இலவசம் என்று அடுக்கக்கா போட்டிருந்தது கூடுதல் வசதி. குயவரம்மாவுக்கு மனைவி என்ன சொல்கிறாளோ, அதை ஓவியர் தனக்குச் செய்துகொள்வார். யாருக்கு என்ன நஷ்டம்?

இப்படியாக, ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் கிளம்பிய செய்தி உலகத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் இறங்கியது. சற்று நேரத்தில் பதில் வந்தது.

"வணக்கம் அம்மா. முதலில் கம்ப்யூட்டரை மூடுங்கள். வேலை மேசையைத் துடையுங்கள். பழைய டம்ளர்கள் கிடந்தால் கழுவிவையுங்கள். மேசை தெளிந்தால்தான் கண் தெளியும்."

ஓவியர் தன் மேசையைப் பார்த்தார். ஒரு டம்ளரின் அடியில் டீ காய்ந்து, அவர் வரைந்ததைவிட நல்ல மரமாகக் கிளைவிட்டிருந்தது. எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"என்னங்க, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"ஏன், நல்லாத்தானே இருக்கேன்?"

"டம்ளர் கழுவுறீங்களே."

"கழுவக்கூடாதா?"

"தாராளமாக் கழுவுங்க. அப்படியே அந்தச் சட்டியையும் பாத்துருங்க."

வேஷம் என்று போட்டுவிட்டால் பொருந்தவேண்டும் அல்லவா? அடுத்த கடிதத்தில் குயவரம்மா மனம்விட்டு அழுதார். 'என் கணவர் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார். சொன்ன பேச்சு கேட்க மாட்டார். தன் தொழில்தான் உசத்தி என்பார்.' எழுதி முடித்த ஓவியர், பெண் மனதை எவ்வளவு தத்ரூபமாகப் பிடித்துவிட்டோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

பதில் வந்தது. "வருத்தப்படாதீர்கள் அம்மா. எங்கள் வீட்டிலும் அதே மாடல்தான்."

"மாடலா?" என்று முனகினார் ஓவியர்.

"கூப்பிட்டீங்களா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"இல்ல, இருமினேன்."

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அடுக்கக்கா வேலையில் புலி. எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வது, எதை மூடுவது, மறந்த கடவுச்சொல்லை எப்படி மீட்பது என்று கைப்பிடித்து நடத்திப்போனார். "யாரோடாவது வாக்குவாதம் செய்திருந்தால் அதையெல்லாம் நீக்கிவிடுங்கள். பானைக்கு வாய் எவ்வளவு அகலம் என்றாலும் சரி, காக்காவுக்கு எத்தனை விரல் என்றாலும் சரி." என்ன பொருத்தமான உதாரணம் என்று வியந்துகொண்டே ஓவியர் சண்டையை அழித்தார்.

பிறகு எல்லா வாடிக்கையாளருக்கும் அவர் கொடுக்கும் பயிற்சி வந்தது. "சேமித்து வைத்திருக்கும் அடுத்தவர் படங்களை ஓரம் கட்டுங்கள். வீட்டுக்குள்ளேயே நடமாடுங்கள். கண் எதன்மேல் தானாகப் போய் நிற்கிறதோ அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். யோசிக்காதீர்கள்."

ஓவியர் யோசிக்கவில்லை. குளியலறைக் கம்பியில் தலைகீழாகச் சொட்டிக்கொண்டிருந்த பச்சைக் குடை. ஜன்னல் கட்டையில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்த இரண்டு முடிக் கிளிப்புகள். பாதி குடித்து ஆடை படிந்த டீ. வாசலில் ஒன்று நேராகவும் ஒன்று கவிழ்ந்தும் கிடந்த செருப்பு. யார் முகமும் விழுந்துவிடக் கூடாது என்பதில் மட்டும் படு உஷாராக இருந்தார். எல்லாவற்றையும் அனுப்பினார்.

இந்தத் தடவை பதில் வரத் தாமதமானது. அடுத்த அறையில் நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை. சாயங்காலம்தான் வந்தது.

"அம்மா, நீங்கள் வெளியே எதையும் தேடவேண்டாம். உங்களுக்கு வேண்டியதெல்லாம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இந்தப் பொருள்களைப் பார்த்து நீங்கள் செய்ததை மட்டும் ஒரு பக்கத்தில் வையுங்கள். மற்றதை நீக்கிவிடுங்கள்."

ஓவியர் தன் படங்களைக் கிளறினார். வீட்டைச் சுற்றி நடைபோகும் பச்சைக் குடை இருந்தது. அந்தக் கிளிப்புகளைப் போலவே மூக்கோடு மூக்கு கோத்த இரண்டு குருவிகள் இருந்தன. கோபித்துக்கொண்டு திரும்பிப் படுத்த செருப்பு இருந்தது. அவர் வரைந்ததிலேயே உயிருள்ள படங்கள் அத்தனையும் அடுத்த அறையில் இருந்த அந்த ஒருத்தியின் பொருள்களிலிருந்து வந்தவை. இது இத்தனை நாள் அவருக்கே தெரியாது. 

ஒரே பக்கம், ஒரே முகவரி. அனுப்பினார். மாதக் கடைசியில் பதிப்பாசிரியையின் பதில் வந்தது. அந்தக் குடையை விட மனமில்லையாம், புத்தகம் அவருக்குத்தான் என்று எழுதியிருந்தார்.

சந்தோஷத்துக்கும் மேலே நன்றி பொங்கியது மனிதருக்கு. சொல்லாவிட்டால் சோறு இறங்காது, சொன்னால் மானம் மிஞ்சாது. குயவரம்மா பெயரில் 'நீங்கள் என் தெய்வம்' என்று எழுத ஆரம்பித்து நிறுத்தினார். நன்றியைக்கூட வேஷம் கட்டிக்கொண்டா சொல்வது? எழுந்து அடுத்த அறைக்குப் போனார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். புத்தகம் எனக்கே கிடைச்சிருச்சு."

"ரொம்ப சந்தோஷங்க."

"அதுக்கு நீதான் காரணம். அன்னிக்கு உன் தம்பி வீட்ல நான் பேசினது தப்பு. அந்தக் குயவரம்மா இருக்காங்கல்ல, அவங்க வந்து..."

"நீங்கதான்."

ஓவியர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "எப்பத் தெரியும்?"

"மொதல் நாளே. நான் இங்க பதில் அனுப்பினா, சுவருக்கு அந்தப் பக்கம் உங்க போன் தவளையாட்டம் கத்துது. ஒரு தடவைன்னா தற்செயல். ஒவ்வொரு தடவையுமா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா டம்ளர் கழுவியிருப்பீங்களா?"

"கோபம் இல்லையா உனக்கு?"

"இருந்துச்சு. கடைசிவரைக்கும் நல்லா ஆட்டிவைக்கணும்னுதான் இருந்தேன். அப்பத்தான் அந்தப் படமெல்லாம் வந்துச்சு. என் குடை, என் கிளிப்பு, நான் ஆறவிட்ட டீ. இதையெல்லாம் பாக்குறீங்கன்னு இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்லையே நீங்க. பதில் எழுதவே கை வரல."

ஓவியருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றிம்மா. இனிமே இந்த வேஷமெல்லாம் வேண்டாம். எதுவா இருந்தாலும் நேரா என்கிட்டயே சொல்லு. தட்டாமச் செய்றேன்."

அடுக்கக்கா அவரை வாஞ்சையோடு பார்த்தார். கொஞ்சம் யோசித்தும் பார்த்தார்.

"வேணாங்க. உங்ககிட்ட சொல்லி இதுவரைக்கும் எது நடந்திருக்கு? அந்தம்மாதான் ஒரு தடவை சொன்னாலே செய்றாங்க."

சொல்லிக்கொண்டே தன் போனில் ஏதோ தட்டினார். ஓவியரின் சட்டைப் பையில் தவளை கத்தியது. எடுத்துப் பார்த்தார்.

"அன்புள்ள அம்மா, நாளைக்குப் பரண் ஒழிக்கவேண்டும். உங்கள் வீட்டுக்காரரைக் காலையிலேயே அனுப்பிவையுங்கள்."

எதிரில் உட்கார்ந்தபடியே குயவரம்மா பணிவாகப் பதில் எழுதினார்: "அனுப்புறேங்க."