மண்டப வாசலில் ஒரு தூண்டில் மீன்

"பொண்ணு எங்க தம்பி?" என்று கேட்டார் சுந்தரலிங்கம்.

பெண்ணைப் பெற்றவர் அவர்தான். உத்தமபாளையம் மண்டபத்து வாசலில் கட்டியிருந்த பேனரை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அச்சடித்து, கட்டி முடித்து, அப்போதுதான் ஏணியிலிருந்து இறங்கிய ஈஸ்வரபாண்டி, பேனரின் கீழ் மூலையைப் பணிவாகக் காட்டினான். அங்கே மிளகாய் அளவு மீன் ஒன்றில் மணப்பெண் யுவராணியின் முகம் ஒட்டியிருந்தது.

மிச்ச இடத்தையெல்லாம் ஒரு கறுத்த மீன் பிடித்துக்கொண்டிருந்தது. உடம்பில் பாதி வாய். வாய் நிறைய ஆணி ஆணியாகப் பல். நெற்றியிலிருந்து ஒரு தண்டு முளைத்து, அதன் நுனியில் பல்பு. அதன் முதுகில் மாப்பிள்ளை சூரியபிரகாஷ் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரித்தான்.

ஈஸ்வரபாண்டிக்கு பழனிசெட்டிபட்டியில் பேனர் கடை. மாப்பிள்ளையோடு ஒன்றாகப் படித்தவன். கம்பம் பள்ளத்தாக்கில் கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் சிங்கம், புலி, கழுகு போட்டுப் போட்டுத் தீர்ந்துவிட்டது. போன மாதம் ஒரு சடங்கு வீட்டுக்கு டைனோசரே வந்து போய்விட்டது. யாரும் போடாத ஜோடியாக வேண்டும், பிரியாத ஜோடியாகவும் இருக்க வேண்டும் என்று நண்பர்கள் சொன்னார்கள். செல்போனில் தேடினான். 'ஆழ்கடல் தூண்டில் மீன். துணையோடு சேர்ந்துவிட்டால் சாகும்வரை பிரியாது' என்று வந்தது. அடுத்த வரியைப் படிக்க அவனுக்குப் பொறுமை இல்லை. பெரியது ஆண், சின்னது பெண் என்று அவனே தீர்மானித்துவிட்டான். வைகை அணைக் கெண்டையைத் தாண்டி அவனுக்கு மீன் ஞானமும் கிடையாது.

இந்தக் கல்யாணத்தில் அவனுக்கு ஒரு சொந்தக் காரியமும் இருந்தது. பெண்ணின் தங்கை அபிதா. "எங்க வீட்டாளுக கிட்ட நல்ல பேரு வாங்கிருங்க, மத்தத நான் பேசிக்கிறேன்" என்று அவள் சொல்லியிருந்தாள். அதனால் சுந்தரலிங்கத்தின் மீசை அசைவதைக்கூட அவன் கவனித்துக்கொண்டிருந்தான். ஆளும் சாதாரண ஆள் இல்லை. சுருளிப் பக்கம் இருக்கும் அந்தப் பெரிய திராட்சைத் தோட்டத்தை ஊரே சுந்தரலிங்கம் தோட்டம் என்றுதான் சொல்லும்.

சுந்தரலிங்கம் மீசையைத் தடவினார். "இருங்க, உள்ள போயிட்டு வாரேன்" என்று போனார். திரும்பி வந்து, எங்கள் பெண் என்ன பொடிமீனா, இரண்டு முகத்தையும் மாற்றி ஒட்டு என்றார்.

பக்கத்துக் கடையில் ஸ்டிக்கர் அடித்து வந்து, ஈஸ்வரபாண்டி முகங்களை மாற்றி ஒட்டினான். இப்போது அந்த ஆணிப்பல் வாய்க்கு மேலே யுவராணி வெட்கப்பட்டுச் சிரித்தாள். சூரியபிரகாஷ் மிளகாய் ஆகிவிட்டான்.

மாப்பிள்ளையின் அம்மா ராஜாத்தி வேனிலிருந்து இறங்கினாள். ஆரத்தித் தட்டைக்கூடக் கவனிக்காமல் நேராகப் பேனருக்கு வந்தாள். "எம் மகன் எங்கடா?" என்று அவளும் அதே கேள்வியைக் கேட்டாள். ஈஸ்வரபாண்டியும் அதே மூலையைக் காட்டினான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் சித்தப்பா சண்முகராஜ் வந்து சேர்ந்தார். விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவர் சொல்வதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. இங்கே ஒரு வேன் கூட்டமே நின்றது.

"இப்பத்தான் சரியாப் போட்டிருக்கான்" என்று அவர் பாடத்தைத் தொடங்கினார். "பெருசு பொம்பள மீனு. வெளக்கக் காட்டி எரையக் கூப்புட்டு, கிட்ட வந்ததும் முழுங்கிரும். ஆம்பள விரல் தண்டிதான். இருட்டுக்குள்ள மோப்பம் புடிச்சு வந்து, அவ வயித்துல ஒரு கடி. அம்புட்டுத்தான், ஒட்டிக்கிருவான். ரெண்டு ரத்தமும் ஒண்ணாயிரும். அப்பறம் அவனுக்குக் கண்ணு வேணாம், குடல் வேணாம், எல்லாம் கரைஞ்சு போகும். அவ திங்கிறதுலதான் இவன் உசுரு ஓடுது."

"அப்ப அவனுக்கு என்னதான் வேல?" என்று ஒரு பெரியம்மா கேட்டாள்.

வாத்தியார் சின்னப் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார். "புள்ள குடுக்குறது" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சூரியபிரகாஷ் வீட்டோடு மாப்பிள்ளையாகத்தான் போகிறான் என்பதை ராஜாத்தி தன் சொந்தபந்தத்திடம் மூச்சு விட்டதில்லை. பையன் சும்மா தோட்டத்தைப் பார்த்துவிட்டு வருவான் என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். இப்போது விஷயம் புரிந்துபோய், வேன் மொத்தமும் ஒட்டிய மீனையும் பார்த்தது, ராஜாத்தியையும் பார்த்தது.

"ஏலே ஈஸ்வரா, ஒனக்கு யாருடா சொன்னது?" என்றாள் அவள்.

யாருமே சொல்லவில்லை என்று அவன் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தான். சத்தியம் செய்ததாலேயே அவனை யாரும் நம்பவில்லை. சுந்தரலிங்கம் மறுபடியும் உள்ளே போய்விட்டு வந்து, படத்தை ஒரு துணி போட்டு மூடச் சொன்னார்.

பந்திக்கு வைத்திருந்த வெள்ளை மேசை விரிப்பைக் கட்டி ஈஸ்வரபாண்டி மூடினான். ஆனால் அந்த மீனின் நெற்றியில் அவன் நிஜ பல்பு ஒன்றை மாட்டியிருந்தான். பொழுது சாய்ந்ததும் துணிக்குள்ளிருந்து அது பளீரென்று எரிந்தது. வந்தவர்கள் சந்தனத்தையும் கற்கண்டையும் விட்டுவிட்டு வெளிச்சத்தை நோக்கி வந்தார்கள். துணியைத் தூக்கினார்கள். பக்கத்திலேயே சண்முகராஜ் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற ஆட்களுக்கெல்லாம் முதலிலிருந்து பாடம் எடுத்தார்.

பல்பை அணைத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று ஈஸ்வரபாண்டி லைட்காரர் ஒச்சாண்டியைக் கெஞ்சிக் கூட்டி வந்தான். அவர் ஒரு வயரைப் பிடுங்கினார். வாசலில் சீரியல் லைட்டு, வாழைமர லைட்டு, வரவேற்பு வளைவு, எல்லாம் அணைந்தன. மீனின் பல்பு மட்டும் அணையவில்லை. அது வேறு லைன் என்றார் ஒச்சாண்டி.

மண்டபத்து வாசலே ஆழ்கடல் ஆகிவிட்டது. உள்ளே இருந்த கூட்டம், என்ன ஆச்சு என்று தட்டுத் தடுமாறி, எரிகிற அந்த ஒரே விளக்கைப் பார்த்து வந்தது. துணி அவிழ்ந்து விழுந்தது. அத்தனை பேரும் அந்த வாய்க்கு முன்னால் வரிசையாக நின்றார்கள்.

ஈஸ்வரபாண்டி ஏணியின் காலடியில் உட்கார்ந்துவிட்டான். கடை போனால் போகிறது, அபிதா போய்விட்டாளே என்று மருகினான். ஒரு மீனைப் பற்றி இரண்டாவது வரியைப் படிக்காததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று நொந்துகொண்டான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுந்தரலிங்கம் வந்தார். ஈஸ்வரபாண்டி எழுந்து, பேனரைக் கிழித்து எறிந்துவிடுகிறேன், மன்னித்துவிடுங்கள் என்று கும்பிட்டான்.

"கிழிக்க வேணாம் மாப்ள" என்றார் அவர்.

ஈஸ்வரபாண்டிக்குக் கை கூப்பியபடியே நின்றுவிட்டது.

"உள்ள கேட்டுட்டுத்தான் வாரேன். யுவராணியோட அம்மாவுக்கு இந்தப் படம் ரெம்பப் புடிச்சுப் போச்சாம். கல்யாணம் முடிஞ்சதும் வீட்டு ஹால்ல மாட்டணும்னு சொல்றாக. அபிதா எல்லாத்தையும் சொல்லிருச்சு. அவுகளுக்குச் சம்மதம். ஆனா கடைய இங்கன மாத்திக்கிறணுமாம். அவுக வம்சத்துல பொண்ணுக யாரும் வெளிய போயி வாழ்ந்ததில்ல."

அபிதா கிடைத்துவிட்டாள். சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பல்பு வெளிச்சத்தில் கீழ் மூலை மீன் தெரிந்தது. அதில் இப்போதைக்கு சூரியபிரகாஷ் முகம்தான் இருந்தது. ஆனாலும் அந்த இடத்தில் ஈஸ்வரபாண்டிக்குத் தன் முகம் தெரிந்தது. அவன் ஒரு எட்டுப் பின்னால் வைத்தான்.

சுந்தரலிங்கம் அவன் தோளில் கை போட்டார். மனைவி அக்கம்மாள் பக்கத்தில் இருக்கிறாளா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாதீக மாப்ள. இவுக வீட்டுக்கு வந்து ஒட்டுனப்ப, எனக்கும் மொதல்ல கண்ணுதான் போச்சு."