பட்டியலில் ஒன்பதும் பத்தும்

குடுமியான்மலை அருகில்,
வியாழக்கிழமை சாயங்காலம்.

பெருமதிப்புக்குரிய அறிவுச்செல்வன் மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கை பரிமளாவின் கணவன் குணசேகரன் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். பரிமளா சுகம், அமிர்தா சுகம், ரகுநாத் சுகம், செவ்வாய்க்கிழமை குட்டி போட்ட ஆடும் அதன் இரண்டு குட்டிகளும்கூட சுகம். அறந்தாங்கியில் தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள், உரக்கடையும் நன்றாக நடக்கும் என்று நம்புகிறேன். இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம், போனில் சொன்னால் ஆகாதா என்று நினைப்பீர்கள். வயலில் வீட்டைக் கட்டிக்கொண்டு வந்ததில் எங்களுக்குக் கிணற்று மேட்டில் மட்டும்தான் சிக்னல். அங்கே நின்று கத்திப் பேசினால் தங்களுக்குக் கேட்பதற்கு முன்னால் தங்கள் தங்கைக்குக் கேட்டுவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பரிமளா டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்து, "கிளாஸ்ல நாப்பது புள்ளைகளப் பாத்ததுல நம்ம ரெண்டும் என்னா படிக்குதுன்னே எனக்குத் தெரியாமப் போச்சுங்க, வீட்ல வச்சு நானே சொல்லித் தாரேன், ஒரு வருசம் பாப்போம்" என்றாள். நானும் தலையை ஆட்டினேன். அன்றைக்கு ஆட ஆரம்பித்த தலை, இன்னும் நிற்கவில்லை. வீட்டுப் பள்ளிக்கூடம் என்றால் கூடத்தில் ஒரு கரும்பலகை இருக்கும், பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் என்று நான் நினைத்தேன். கரும்பலகை மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது. கணக்குப் பாடம் கடலை விதைப்பில் நடக்கிறது. எட்டு வயது ரகுநாத், வரிசைக்கு வரிசை முப்பது சென்டிமீட்டர், செடிக்குச் செடி பத்து சென்டிமீட்டர் என்று ஸ்கேலும் கையுமாக ஒவ்வொரு விதைக்கும் அளந்து கொடுத்ததில், காலை ஏழு மணிக்கு வயலில் இறங்கிய ஆட்கள் பத்து மணிக்கு மூன்றாவது வரிசையில் நின்றார்கள். விதைக்க வந்த செவந்தி என்னைப் பார்த்து, "ஏங்க, கடல போடுறமா, வீட்டுக்கு அஸ்திவாரம் போடுறமா? அந்த ஸ்கேலப் புடுங்கி அங்கிட்டு வைங்க, நாங்க பொழுதோட வீடு போய்ச் சேர வேணாமா?" என்று சத்தம் போட்டது. நான் பிடுங்கவில்லை. பாட வேளையில் குறுக்கிட்டால் எனக்கு மத்தியானச் சோறு கிடைப்பது சந்தேகம்.

விளையாட்டு பீரியடு இன்னொரு கூத்து. விடிந்தும் விடியாததுமாகத் தங்கள் தங்கை விசில் ஊதுவாள். பதினோரு வயது அமிர்தா கண்மாய்க்கரையில் ஓட வேண்டும். தனியாக ஓடினால் வேகம் வராதாம், எதிராளி வேண்டுமாம், ஆகவே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் ஓடுகிறேன். ஓட்டம் என்றால் அப்படி ஒரு ஓட்டம் மச்சான், நான் மதகைத் தொடுவதற்குள் அது திரும்பி வந்து, "என்னப்பா, இன்னும் போறீங்களா, வாரீங்களா?" என்று கேட்கும். அதற்குப் பிறகு கபடி. போன மாதம் ஆபீசுக்குச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவனை, "ஒரே ஒரு ரெய்டுப்பா" என்று கூப்பிட்டு ரகுநாத் காலைப் பிடித்து இழுத்ததில் எருக்குழிக்குள் போய் உட்கார்ந்தேன். குளித்துவிட்டுத்தான் போனேன். ஆனாலும் அன்றைக்கு முழுக்க என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை.

சுற்றுலா எப்படி நடக்கிறது என்பதைத் தாங்களே கண்ணால் பார்த்தீர்கள். கடல் ஏறி இறங்குவதைப் படிக்கப் போகிறோம் என்று மூன்று பேரும் மணமேல்குடிக்குப் போய்த் தண்ணீரில் குச்சியை நட்டுவைத்துக் காத்திருந்து, ஏறுவதைப் பார்த்துவிட்டு இறங்குவதைப் பார்க்க நேரமில்லாமல், ஊருக்கு வரும் பஸ்ஸையும் விட்டுவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு தங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்களே, அதுதான் அவர்களுக்குப் புவியியல். அன்றைக்குத் தாங்கள் எனக்குப் போன் போட்டு, "மாப்பிள்ளை, புள்ளைகளக் காலாகாலத்துல ஸ்கூல்ல சேருங்க" என்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது நடந்திருப்பதைக் கேளுங்கள். நான் கல்வித்துறை அலுவலகத்தில் உதவியாளராக இருப்பது தாங்கள் அறிந்ததே. பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுத்துப் பள்ளியில் சேர்க்கும் ஃபைல் இந்த வருஷம் என் சீட்டுக்கு வந்தது. செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்குக் கணக்கெடுக்கும் குழந்தைசாமி எங்கள் வயல் பக்கம் வந்திருக்கிறார். இது என் வீடு என்று அவருக்குத் தெரியாது. அமிர்தா ஆடுகளைக் கடலைக் காட்டிலிருந்து விரட்டிக்கொண்டு ஓடியிருக்கிறது. ரகுநாத் வாய்க்காலில் காகிதக் கப்பல் விட்டுத் தண்ணீரின் வேகத்தை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறான். "தம்பி, ஸ்கூலுக்குப் போகலியா?" என்று அவர் கேட்க, இவன், "நாங்க ஸ்கூலுக்கே போறதில்லண்ணே" என்றிருக்கிறான். அம்மா எங்கே என்றதற்கு, "ஆட்டுக்குப் பிரசவம் பாக்குறாங்க, அந்தப் பாடம் முடிஞ்சாத்தான் வருவாங்க." அப்பா என்ன வேலை என்றதற்கு, "ஸ்கூலுக்குப் போகாத புள்ளைகளப் புடிக்கிற வேலை." குழந்தைசாமி பையன் விளையாடுகிறான் என்று நினைத்து, தொழில் என்ற இடத்தில் ஆடு மேய்த்தல் என்றும், தந்தை என்ற இடத்தில் விவரம் இல்லை என்றும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நேற்றுக் காலை அந்தப் பட்டியல் டைப் அடிக்க என் மேஜைக்கே வந்தது. மொத்தம் பதினான்கு பேர். ஒன்பதாவது என் மகள், பத்தாவது என் மகன். மறைக்கவும் மனசு வரவில்லை, சொல்லவும் வாய் வரவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் கண்காணிப்பாளர் திலகவதி மேடம் பட்டியலை எடுத்துப் பார்த்துவிட்டு, "குணசேகரன், இந்த ஒம்பதும் பத்தும் உங்க ஏரியா மாதிரி இருக்கே. போற வழியில அந்தப் பெத்தவங்களப் பாத்து நல்லா புத்தி சொல்லுங்க. திங்கக்கெழமைக்குள்ள புள்ளைகளச் சேக்கணும், இல்லாட்டி ஏன் சேக்கலைன்னு காரணம் எழுதி ஃபாரம் என் டேபிளுக்கு வரணும்" என்று சொல்லிவிட்டார்கள். ஆக, மச்சான், என் வீட்டுக்குப் போய் எனக்கே புத்தி சொல்ல என்னையே அரசாங்கம் அனுப்பியது.

போனேன். பையில் ஃபாரத்தோடு வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். தங்கள் தங்கை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க சார், உக்காருங்க. எந்த ஆபீஸ்லேருந்து வாரீங்க?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பிஸ்கட் வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் எனக்கு பிஸ்கட் வைத்தது அதுதான் முதல் தடவை. நான் கட்டாயக் கல்வி பற்றிய நோட்டீசை முழுசாகப் படித்தேன். நடுவே அமிர்தா வந்து, "சார், உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?" என்று கேட்டது. எல்லாம் கேட்டுவிட்டு பரிமளா, "நீங்க சொல்றது நியாயந்தான் சார். எங்க வீட்டுக்காரரு வரட்டும், கலந்து பேசிச் சொல்றோம்" என்று கதவைச் சாத்திவிட்டாள். பிறகு கொல்லைப்புறமாக உள்ளே போய்த் தாய் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. தந்தை கையெழுத்தும் நான், நேரில் விசாரித்த அலுவலர் கையெழுத்தும் நான். காரணம் என்ற கட்டத்தில் வறுமை, இடம்பெயர்வு, உடல்நலம், விருப்பமின்மை, பிற என்று ஐந்து இருக்கிறது. எதிலும் டிக் அடிக்க எனக்குக் கை வரவில்லை.

ஆகவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டு வந்து, தாய்மாமன் என்ற உரிமையோடு பிள்ளைகள் இரண்டையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். என் பேச்சைத்தான் கேட்கவில்லை, காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்ட மாமன் பேச்சைப் பிள்ளைகளும் தட்டாது, தங்கையும் தட்டமாட்டாள். என் வேலையும் மானமும் தங்கள் கையில். அக்காவுக்கு என் வணக்கம். பெரியநாயகி அம்மன் தங்களுக்குக் குறை ஒன்றும் வைக்கமாட்டாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை
குணசேகரன்

பி.கு.: இது வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுதுவது. நேற்றே தபாலில் சேர்த்திருக்க வேண்டும், முடியவில்லை; இனித் தபால் ஆகாது, நாளைக் காலை அறந்தாங்கி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஃபாரத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பேனா எழுதவில்லை, ரகுநாத் நோட்டில் கிறுக்கிப் பார்க்கலாம் என்று திறந்தேன். முதல் பக்கத்தில் கோடு போட்டு வருகைப் பதிவேடு வைத்திருக்கிறான். அம்மா, அக்கா, ரகுநாத் எல்லோருக்கும் நேராகத் தினம் ஒரு டிக். நாலாவது பெயர் அப்பா. அதற்கு நேராக ஆப்சென்ட், ஆப்சென்ட், ஆப்சென்ட் என்று பக்கம் முழுக்க; காலை ஓட்டமும் கபடியும் கணக்கில் வராது போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் 'பாதி நாள்' என்று போட்டிருந்தான். கிறுக்காமல் நோட்டை மூடிவைத்துவிட்டேன் மச்சான். பிள்ளைகளைப் பற்றிய பயம் என்று நான் இத்தனை பக்கம் எழுதியதில் பாதி பொறாமை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இன்று காலை திலகவதி மேடத்திடம் இரண்டும் என் பிள்ளைகள்தான் என்று சொல்லி ஃபாரத்தைக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற கட்டத்தில் 'பிற' என்று டிக் அடித்து, பக்கத்தில் 'படிப்பு அதிகம், நேரமில்லை' என்று எழுதியிருக்கிறேன். மேடம் மூன்று கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பெத்தவங்களுக்குப் புத்தி சொன்னீங்களா?" என்றார்கள். "அந்தம்மாகிட்ட எடுபடல மேடம், அவங்க வீட்டுக்காரரும் இப்ப அந்தப் பக்கம் சாஞ்சுட்டாரு" என்றேன். மேலே என்ன வரும் என்று தெரியாது, வரட்டும். ஆகவே தாங்கள் ஞாயிற்றுக்கிழமை தயவுசெய்து கிளம்பி வந்துவிட வேண்டாம். அன்றைக்கு அறந்தாங்கியில் அமிர்தாவுக்கு ஓட்டப்பந்தயம் இருக்கிறதாம், எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. நாங்கள் நான்கு பேரும் முதல் பஸ்ஸில் அங்கே வருகிறோம், ராத்திரி தங்கள் வீட்டில் தங்கிவிட்டு, திங்கட்கிழமை மணமேல்குடிக்குப் போய்க் கடல் இறங்குவதையும் பார்த்துவிட்டு வருகிறோம். திங்கட்கிழமைக்கு நான் லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. காரணம்: பள்ளிக்குப் போக வேண்டும்.