ஆசிரியர் குடும்பம்

உழைப்பாளிகளின் கண்ணீரைத் துடைப்பதில் ஜோர்டானின் அம்மான் நகரில் எங்கள் நாளிதழுக்கு நிகரில்லை. துடைக்கத் தேவையான காகிதத்தை நாங்களே அச்சடிக்கிறோம் அல்லவா? அதனால்தான் 'தொழிலாளர் செய்தி எழுதும் பயிற்சி'க்குத் தலைமை தாங்க, அதன் முதலாளியும் தலைமை ஆசிரியனுமான என்னை அழைத்தார்கள். இரண்டு நாள் 'சுரண்டல்' என்ற சொல்லைச் சுரண்டிப் பார்த்தோம். மூன்றாம் நாள் மதியம் ஆட்டுக்கறியும் சோறுமாக மன்ஸஃப் விருந்து. இரண்டுமே எல்லோருக்கும் நன்றாகச் செரித்தன.

கடைசிப் பரீட்சையைப் பயிற்சியாளர் ஹைத்தம் அறிவித்தார். "ஒப்பந்தம் இல்லாத ஒரு தொழிலாளியை ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சு எழுதிட்டு வாங்க."

பத்தொன்பது நிருபர்கள் கட்டட வேலை நடக்கும் தெருக்களைத் தேடி ஓடினார்கள். எங்கள் நிருபர் விஜ்தான் மட்டும் ஏழு மாத வயிற்றோடு நாற்காலியை விட்டு அசையவில்லை. எல்லோரும் திரும்பியதும் எழுதியதை வாசித்தாள். ஒரு பெண், ஆறு வருட வேலை, ஒப்பந்தமில்லை, சமூகக் காப்பீட்டில் பெயரில்லை, ஆகையால் பிரசவ விடுப்பும் இல்லை.

"பிரமாதம். முதலாளி யாரும்மா?" என்றார் ஹைத்தம்.

"இதோ, நம்ம உஸ்தாத்தான்" என்று என்னைக் காட்டினாள்.

நான் பெருந்தன்மையோடு சிரித்தேன். "ஏம்மா, நம்ம பத்திரிகையில தினமும் உங்க எல்லார் பேருக்கும் மேல என்னன்னு அச்சடிக்கிறோம்? 'ஆசிரியர் குடும்பம்'னுதானே? குடும்பத்துல யாராச்சும் ஒப்பந்தம் போடுவாங்களா?"

"எங்க குடும்பத்துல பிள்ளை பெத்தவளை நாப்பது நாள் எழுந்திரிக்க விடமாட்டாங்க, உஸ்தாத். நீங்க எந்தக் குடும்பத்தைச் சொல்றீங்க?"

தரமான கேள்வி. பயிற்சி வீண்போகவில்லை. மறுநாளே அவளை வேலையிலிருந்து நீக்க உத்தரவு எழுத உட்கார்ந்தேன். எங்கள் வக்கீல் பதறிவிட்டார்.

"நீக்குறேன்னு எழுதினா, அவ வேலை பார்த்தாள்னு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும்."

எனவே நீக்கவில்லை. உள்ளே விட வேண்டாம் என்று வாசல் காவலரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதோடு சரி. குடும்பத்துக்குள் எழுத்து எதற்கு?

அவள் செய்தியைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. முதலாளி பெயரைச் சொல்லி அவள் பிறகு சேர்த்திருந்த வரியை மட்டும் 'இடநெருக்கடி' காரணமாக நீக்கி, முதல் பக்கத்தில் வெளியிட்டோம். அவ்வாண்டின் சிறந்த தொழிலாளர் செய்திக்கான விருது அதற்கே கிடைத்தது. நானே மேடையேறி வாங்கிக்கொண்டேன்.

"எழுதினவங்க வரலையா?" என்று கேட்டார்கள்.

"பிரசவ விடுப்புல இருக்கா" என்றேன். "எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்லிட்டோம்."

அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது.