இரண்டு அறை சாம்ராஜ்யம்

"இளவரசின்னு வெச்சா என்ன குறைஞ்சு போயிடும்?" என்று கேட்டான் லேத் பட்டறைக்காரன்.

குழந்தையைப் பார்க்க வந்த சொந்தம் அப்படியே தங்கிவிட்டது. இருப்பது இரண்டு அறை, ஒரு கக்கூஸ். இரும்பையே கடைந்து வழிக்குக் கொண்டுவருகிறவனுக்கு ஒரு பெயர் எம்மாத்திரம்? ஒருத்தர் மனமும் கோணாமல் முடித்துக் காட்டுகிறேன் என்று மார்தட்டியிருந்தான். அந்தச் சொந்தத்தில் யாருக்குப் பெண் பிறந்தாலும் ராணி, மகாராணி என்று பட்டம்தான் பெயர். ஆள ஒரு சாண் நிலம் கிடையாது. வீம்புக்கு மட்டும் பஞ்சமில்லை.

பால் கொடுத்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "உங்க அக்கா பொண்ணு ராணி. நம்ம பொண்ணு அவளுக்குக் கீழயா?"

"அட, ஆமால்ல! அப்போ மகாராணி!"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா கத்தியைப் போட்டாள். "ஏன்டா தம்பி, என் பொண்ணு உன் பொண்ணுக்கு விசிறி வீசணுமா?"

"வெறும் பேருதானேக்கா..."

"வெறும் பேருன்னா நீ கீழ வெச்சுக்கோயேன்!"

புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

"ரெண்டு நாள்ல தானா வருவா" என்றான் அவன், அசராமல்.

"அது கிடக்கட்டும். மகாராணி எங்க அக்கா பொண்ணு பேராச்சே. மறந்துட்டீங்களா? நம்ம பொண்ணுக்கு இரவல் பேரா?" என்றாள் மனைவி. "அதுக்கும் மேல ஒண்ணு பாருங்க."

"பேரரசி!"

வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த சகலை எழுந்தார். "எங்க மகாராணி உங்களுக்குக் கப்பம் கட்டணுமோ, சகலை?"

அதற்குள் அவர் மனைவி பெட்டியைப் பூட்டிவிட்டாள்.

வந்த சொந்தத்தில் இனி மிச்சம் அவனுடைய அம்மா ஒருத்திதான். அம்மாவின் பெயரே பேரரசி. அதனால் அவனுக்குத் தெம்பு குறையவில்லை. "எங்கம்மா பேரு. அம்மாவுக்குக் குளுகுளுன்னு இருக்கும்."

"நல்ல பேருங்க!" என்றாள் மனைவி, தெருவுக்கே கேட்கும்படி. "சேட்டை பண்ணினா, 'ஏய் பேரரசி, வாய மூடு'ன்னு வாய் நிறையத் திட்டலாம்."

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "எனக்கு மூத்தவன் வீடு இருக்குடா" என்றாள். மடித்ததில் தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

அவன் கெஞ்சிக்கொண்டே தெருமுனைவரை ஓடிப்போய், வெறுங்கையோடு திரும்பினான். ஆனாலும் ஆள் விடுவதாக இல்லை. வாசலிலிருந்தே கூவினான்.

"சக்கரவர்த்தினி! இதுக்கு மேல எவன் வர்றான்னு பார்த்துடறேன்!"

அதற்குள் மனைவிக்குத் துணையாக வந்துவிட்ட அடுத்த வீட்டுக்காரி உள்ளறையிலிருந்து வெளியே வந்து, கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.

"கத்தாதீங்கண்ணே, உங்க சம்சாரம் இப்பதான் கண்ணசந்தா. பேரெல்லாம் அவ ஆஸ்பத்திரியிலயே பதிஞ்சுட்டா. வீடு காலியாகுற வரைக்கும் உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு."