சோதனைச் சாவடியில் ஓர் உருண்டை

ஒரு காட்டில், பெயரைச் சொன்னால் எனக்கும் விசாரணை வரும், கேட்ட உங்களுக்கும் வரும் என்பதால் வெறுமனே ஒரு காட்டில் என்றே வைத்துக்கொள்வோம், சடையப்பன் என்றொரு அழுங்கு குடியிருந்தான். அழுங்கைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உடம்பு முழுக்க ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி செதில், நீண்ட மூக்கு, வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. எறும்பையும் கறையானையும் நக்கித் தின்று காலம் தள்ளும் பரம சாது. பயம் வந்துவிட்டால் மட்டும் தலையை வயிற்றுக்குள் செருகி, வாலைப் போர்த்தி, பந்தாகச் சுருண்டுவிடும். அது குலவழக்கம். சடையப்பன் தன் கல்யாணத்திலேயே கெட்டிமேளச் சத்தத்துக்குச் சுருண்டுபோனவன். மணப்பெண் பூவாயிதான் அவனை உருட்டிக்கொண்டே மூன்று சுற்றும் சுற்றி முடித்தாள். குடும்பத்தை அன்று முதல் நடத்துவதும் அவள்தான்.

இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்த காட்டில், ஒரு நாள் பிற்பகல் ஆற்றங்கரைப் பக்கம் 'டமார்' என்று ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் தலைதெறிக்க ஓடினார்கள். ஓடியதில் இரண்டு ஆமைகள் மிதிபட்டன. மரத்திலிருந்து பலாப்பழம் பாறைமேல் விழுந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக ஓர் அணில் சொல்லிப் பார்த்தது. சம்பவ இடத்தில் உனக்கு என்ன வேலை என்று அணிலைப் பிடித்து உள்ளே போட்டார்கள். கரடியார் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தார்கள். ஆணையம் மூன்று நாள் உட்கார்ந்து தடயங்களைச் சுளை சுளையாக ஆராய்ந்தது. கடைசியில் கொட்டைகூட மிஞ்சவில்லை. 'இது அயல்காட்டு ஓநாய்களின் சதி' என்று அறிக்கை வந்தது. அறிக்கை நல்ல வாசனையாக இருந்ததாகப் படித்தவர்கள் சொன்னார்கள்.

உடனே சிங்கராஜா குடிமக்களின் உயிரைக் காக்கக் களத்தில் இறங்கினார். அவர் தினம் ஒரு மானைச் சாப்பிடுபவர்தான். ஆனால் அது நிர்வாகம். ஓநாய் சாப்பிட்டால்தான் பயங்கரவாதம். இந்த வித்தியாசத்தை மான்களே நன்றாகப் புரிந்துகொண்டு, ராஜாவுக்கு ஆதரவாக ஊர்வலமெல்லாம் போயின.

மரத்துக்கு ஓர் ஆந்தை கண்காணிப்புக்கு வைக்கப்பட்டது. இருட்டில் நடமாடக் கூடாது என்றும் உத்தரவு வந்ததால் காட்டில் எல்லா நடமாட்டமும் பகலுக்கு மாறியது. பகலில் ஆந்தைகள் தூங்கின. ஆனாலும் 'நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்' என்ற பலகையை ஒவ்வொரு ஆந்தைக்குக் கீழேயும் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு எல்லோரும் தூங்குகிற ஆந்தைக்கு வணக்கம் வைத்துப் போனார்கள்.

ஆற்றுக்குப் போகும் ஒரே வழியில் சோதனைச் சாவடி வந்தது. கீரி வீரபத்திரன் அதற்குப் பொறுப்பு. பக்கத்து மூங்கிலில் ஒரு மைனா உட்கார்ந்து, மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. "அன்பான பிராணிகளின் கவனத்திற்கு! கேட்பாரற்ற பொருள் எதையேனும் கண்டால் தொடாதீர்கள்! உடனே தெரிவியுங்கள்!"

சடையப்பனும் ஒரு நாள் தண்ணீருக்கு வந்து வரிசையில் நின்றான். அவனுக்குப் பின்னால் அவனுடைய சிநேகிதன், முள்ளம்பன்றி ராக்கப்பன். இருவரும் ஒரே மேட்டில் பக்கத்துப் பக்கத்து வளையில் குடியிருப்பவர்கள். ராக்கப்பனுக்கு முன்னே பின்னே சொந்தம் என்று யாருமில்லை. பொழுதன்றைக்கும் சடையப்பன் வீட்டு வாசலில்தான் கிடப்பான்.

"பேரு?" என்று கீரி உறுமினார்.

"ச... சடையப்பனுங்க."

"எங்க போற?"

"ஆத்துக்குங்க. தண்ணி குடிக்க."

"தண்ணி எதுக்கு?"

இந்தக் கேள்விக்குச் சடையப்பனிடம் பதில் இல்லை. உங்களிடம் கேட்டிருந்தாலும் இருந்திருக்காது. கீரி குனிந்து, 'நோக்கம்: சொல்ல மறுக்கிறான்' என்று பதிவேட்டில் எழுதினார். அந்த நேரம் பார்த்து மைனா தலைக்கு மேலேயே கத்த, சடையப்பன் படக்கென்று சுருண்டுவிட்டான்.

கீரி எழுதி முடித்து நிமிர்ந்தார். எதிரே ஆளைக் காணோம். ஓர் உருண்டை கிடந்தது.

"ஐயையோ!" என்று கீரி நான்கடி பின்னால் துள்ளினார். "பொருளை வெச்சிட்டு ஆளு ஓடிட்டான்!"

வரிசை கலைந்தது. கூட்டத்தைத் தூர நிறுத்தி உருண்டையைச் சுற்றிக் காட்டுக்கொடி கட்டினார்கள். எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருக்கத்தான் சடையப்பன் சுருண்டான். முயலும் பார்த்தது, உடும்பும் பார்த்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

"இதை வெச்சிட்டு ஓடுனவனைத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கீரி கேட்டார்.

உருண்டைக்குள் இருந்த சடையப்பன் காதைத் தீட்டிக்கொண்டான். ராக்கப்பன் பின்னாலேயேதான் நிற்கிறான், சொல்லிவிடுவான், சொன்னதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினான்.

"எனக்கு யாரையும் தெரியாதுங்க" என்றது ராக்கப்பனின் குரல். "எனக்கு என்னையே அவ்வளவாத் தெரியாதுங்க."

சடையப்பன் அவிழ்ந்து எழுந்து, நான்தானய்யா அது என்று கத்தலாம் என்று பார்த்தான். ஆனால் பயத்தில் சுருண்ட உடம்பு பயம் போனால்தான் அவிழும். பயம் போக இங்கே யார் விட்டார்கள்? மைனா ஒவ்வொரு தடவை கத்தும்போதும் இன்னும் ஒரு சுற்று இறுகினான்.

வெடிபொருள் நிபுணர் மரங்கொத்தியை அழைத்து வந்தார்கள். அவர் உருண்டையை மூன்று இடத்தில் தட்டிவிட்டு, காதை வைத்துக் கேட்டார். முகம் மாறியது.

"உள்ள டிக் டிக்னு ஓடுது" என்றார்.

அது சடையப்பனின் இதயம். நிபுணர் சொன்னதைக் கேட்டதும் அது இன்னும் வேகமாக அடித்தது.

"வேகம் கூடுது. நேரம் நெருங்கிட்டிருக்கு!"

அதைக் கேட்டு அது மேலும் வேகமெடுத்தது. இப்படியே நிபுணரும் இதயமும் ஒருவரை ஒருவர் விரட்டிக்கொண்டு போனதில், கீரி முடிவெடுத்துவிட்டார். மருதமரத்து நிழல் சாவடிக் கம்பத்தைத் தொட்டதும், மூங்கில் கழியால் தள்ளி, சறுக்குப்பாறையிலிருந்து பள்ளத்தாக்கில் உருட்டிவிடுவது. அங்கே விழுந்தால் செதில் என்ன, சிங்கமே சிதறிவிடும். நிழலோ கம்பத்துக்கு இரண்டு முழம் தூரத்தில் வந்துவிட்டது.

அப்போதுதான் வாலில் குட்டியைச் சுமந்துகொண்டு பூவாயி மூச்சிரைக்க ஓடிவந்தாள். கொடிக்கு அந்தப் பக்கம் கிடந்ததைப் பார்த்த உடனே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கல்யாணத்தன்று பார்த்த அதே உருண்டைதானே.

கொடிக்கு முன்னால் மேசை போட்டு ஓணான் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுவார், ஆனால் எதற்கும் கையெழுத்துப் போடமாட்டார்.

"ஐயா, அது என் வீட்டுக்..." என்று ஆரம்பித்தாள் பூவாயி.

"பிராணியா, பொருளா?" என்றார் ஓணான்.

"என்னங்க வித்தியாசம்?"

"பிராணின்னா இளஞ்சிவப்புப் படிவம். அவனோட ஏழு தலைமுறை விவரம் வேணும். தெரியும்னு சொல்றவங்களையும் உள்ள வெச்சு விசாரிப்போம். அவங்களைத் தெரிஞ்சவங்களையும் விசாரிப்போம். நாப்பது நாளாகும்." ஓணான் தலையை ஆட்டினார். "பொருள்னா மஞ்சள் படிவம். என்ன பொருளுன்னு எழுதினா போதும். பொருளுக்கு என்ன பூர்வீகம் இருக்கு?"

பூவாயி நிழலைப் பார்த்தாள். ஒரு முழம் இருந்தது.

"மஞ்சளே குடுங்க" என்றாள். "அது கல்லுங்க. என் வீட்டுக் கல்லு. புத்து இடிக்க வெச்சிருக்கேன்."

உருண்டைக்குள் சடையப்பனுக்கு ஒரு கணம் ரோஷம் வந்தது. கழி உரசும் சத்தம் கேட்டதும் அது போய்விட்டது.

கீரிக்குச் சந்தேகம் தீரவில்லை. "கல்லுன்னா உள்ள ஏன் டிக் டிக்குங்குது?"

"ஆத்துல எடுத்த கல்லுங்க. உள்ள தண்ணி சொட்டுது."

மரங்கொத்தி யோசனையோடு தலையசைத்தார். தெரியாது என்று சொன்னால் நிபுணர் பதவி போய்விடும். "ஆமாம், அப்படிப்பட்ட கற்கள் உண்டு" என்றார்.

எல்லாம் கூடிவரும் நேரத்தில் வாலில் இருந்த குட்டி எட்டிப் பார்த்து, "அப்பா!" என்றது.

மைனாகூட வாயை மூடிக்கொண்டது.

"புள்ள இப்பத்தான் பேசப் பழகுதுங்க" என்றாள் பூவாயி, கண் இமைக்காமல். "நேத்து ஒரு கறையான் புத்தைப் பார்த்து அப்பான்னுச்சு. அதுக்கு முந்தாநாளு ராஜாவோட சிலையப் பார்த்து அப்பான்னுச்சு. அதை என்னன்னு எழுதுவீங்க?"

ராஜாவின் பெயர் வந்ததும் ஓணான் பதறிப்போய், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டார். கீரி முத்திரை குத்தினார். 'கல், ஒன்று. சோதிக்கப்பட்டது. சந்தேகத்துக்கு இடமில்லாதது' என்று எழுதிய ஓலைச்சீட்டு ஒன்றை உருண்டையில் கட்டினார்கள். பூவாயி புருஷனை உருட்டிக்கொண்டே வீடுபோய்ச் சேர்ந்தாள்.

வளைக்குள் போனதும் சடையப்பன் மெல்ல அவிழ்ந்தான். அவிழ்ந்த கையோடு அழுதான்.

"அந்த ராக்கப்பன் என்ன சொன்னான் தெரியுமா? யாரையும் தெரியாதாம்! எத்தனை நாள் நம்ம வாசல்ல கிடந்திருப்பான்!"

"அவரைத் திட்டாதீங்க" என்றாள் பூவாயி. "அங்க வாயைத் திறந்தா அவரையும் சேர்த்து உருட்டியிருப்பாங்க. புதர் புதரா ஒளிஞ்சு ஓடிவந்து எனக்குச் சேதி சொன்னதே அவருதான். உங்க சிநேகிதரு இல்லேன்னா இந்நேரம் நீங்க பள்ளத்துல."

சடையப்பனுக்கு வெட்கமாகிவிட்டது. அந்த நன்றியை உயிருள்ளவரை மறப்பதில்லை என்று சத்தியம் செய்தான்.

மறுநாள் மறுபடி தாகம் எடுத்தது. அந்தச் சீட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, போகலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிச் சாவடிக்கு நடந்து போனான். நான்கு காலால்தான் நடந்தான், மூக்கை நீட்டிக்கொண்டுதான் நடந்தான். கீரி சீட்டை மட்டும் படித்தார்.

"கல்லு. சோதிச்சாச்சு. வழி விடுங்கப்பா, கல்லு போகட்டும்."

"ஐயா, கல்லு நடக்குதே?" என்றது ஒரு முயல்.

"சீட்டுல நடக்கக் கூடாதுன்னு போட்டிருக்கா?" என்று கீரி முயலின் பெயரைக் குறித்துக்கொண்டார்.

வரிசை கிடையாது, தண்ணீர் எதற்கு என்ற கேள்வி கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை அக்கம்பக்கத்தாரைப் பற்றி எழுதித் தரும் சந்தேகப் படிவமும் கல்லுக்குக் கிடையாது. சடையப்பன் ஆற்றில் வயிறு முட்டக் குடித்தான். பிராணியாக இருந்து கண்ட சுகம் என்ன என்று யோசித்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நாளாக நாளாக அவன் நடையிலேயே ஒரு கல்தனம் வந்துவிட்டது. யார் வணக்கம் சொன்னாலும் பதில் சொல்வதில்லை. எதிரே வருபவர்கள்தான் ஒதுங்கிப் போனார்கள்.

மாதம் ஒன்று போயிற்று. ஒரு நாள் காலை சடையப்பன் சாவடியைக் கடக்கும்போது அங்கே ஒரே களேபரம். ராக்கப்பனைக் கொடியால் கட்டி நிறுத்தியிருந்தார்கள். உடம்பில் முப்பதாயிரம் ஆயுதங்களை மறைக்காமல் வைத்திருந்தான் என்பது குற்றச்சாட்டு. மறைத்து வைத்திருந்தால் வேறு பிரிவில் வந்திருக்குமாம்.

"முள்ளுங்க ஐயா, பொறக்கும்போதே இருக்கு!" என்று கெஞ்சினான் ராக்கப்பன்.

"பொறக்கும்போதே திட்டம் போட்டிருக்கான், எழுதிக்கோ" என்றார் கீரி. "உன்னைத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா? உச்சிப்பொழுது வரைக்கும் பார்ப்பேன். இல்லேன்னா இருட்டுக் குகைதான்." அந்தக் குகைக்குள் போன அணில் இன்னும் வெளியே வரவில்லை.

ராக்கப்பன் கண்ணைச் சுழற்றினான். ஓரமாகப் போய்க்கொண்டிருந்த சடையப்பனைப் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் உயிர் வந்தது.

"சடையா! டேய் சடையா! நான் யாருன்னு நீ சொல்லுடா!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சடையப்பன் நின்றுவிட்டான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அழுங்கின் நாக்கோ ஒன்றரை முழம். நீட்டினால் ஊருக்கே கேட்டிருக்கும். ஆனால் கல் பேசினால் அது கல் இல்லை என்றாகும். கல் இல்லையென்றால் இளஞ்சிவப்புப் படிவம். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பூவாயியிடம் சொன்னால் அவள் கண்டிப்பாக ஏதாவது வழி பண்ணுவாள் என்பதும் அவனுக்குத் தெரியும். நடக்கிற கல்லைத்தான் அனுமதித்திருக்கிறார்கள், ஓடுகிற கல்லை யார் ஒப்புக்கொள்வார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"யாருகூடடா பேசற?" என்று கீரி சீட்டையும் ராக்கப்பனையும் மாறி மாறிப் பார்த்தார். "அது கல்லு. எழுதிக்கோ, கற்களோடு ரகசியத் தொடர்பு."

சடையப்பன் மெதுவாகத் தலையை வயிற்றுக்குள் செருகி, வாலைப் போர்த்திச் சுருண்டுகொண்டான். இந்தத் தடவை பயத்தால் இல்லை. உள்ளே சத்தம் குறைவாகக் கேட்டது, அவ்வளவுதான். ராக்கப்பனை இழுத்துப் போன பிறகு அவிழ்ந்து, ஆற்றுக்குப் போய், தாகம் தீரக் குடித்தான்.

சாயங்காலம் பூவாயி இரண்டு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ராக்கப்பண்ணனைக் காலையிலேருந்து காணோமே. வழியில பார்த்தீங்களா?"

சடையப்பன் கழுத்துச் சீட்டில் ஒட்டியிருந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எந்த ராக்கப்பன்?" என்றான்.

பூவாயி குட்டியைத் தூக்கி வாலில் வைத்துக்கொண்டு, வளையை விட்டு வெளியே இறங்கி, சாவடிப் பக்கமாக நடந்தாள். அவள் கழுத்தில் சீட்டு எதுவும் இல்லை.

நீதி: பிள்ளைகளே, கல்லாக இருந்து பழகுங்கள். கல்லுக்கு வரிசை இல்லை, விசாரணை இல்லை, தெரிந்தவர்கள் என்ற தொல்லையும் இல்லை. பெண்டாட்டி பிள்ளை மட்டும் வீட்டில் தங்கமாட்டார்கள்.