ஆழ்வாப்பிள்ளையரும் அரைச் சாக்கு யூரியாவும்

மனிதப் பிறவிகளில் கொள்கைக்காரர் என்றொரு இனம் உண்டு. கட்சிக் கொள்கை, சமயக் கொள்கை என்று எங்கேயோ போய்விடாதீர்கள், வாசகரே. நான் சொல்கிறவர் வேறு. ஒரு சாமான் கடையில் இருக்கும்வரை அதை வாங்க முதல் ஆளாக நிற்பார்; அது இல்லாமற் போன மறுநாளே, "உது உடம்புக்குக் கூடாத சாமான், நான் அப்பவே விட்டிட்டன்" என்பார். தட்டுப்பாடு என்று நாங்கள் மூக்கால் அழுவதை, அவர் கொள்கை என்று சொல்லி நெஞ்சை நிமிர்த்துவார். அவ்வளவுதான் வித்தியாசம்.

உரும்பிராய் ஆழ்வாப்பிள்ளையரைப் பாருங்கள். சவர்க்காரம் வராமல் நின்றது. பனம்பழத்தில் தோய்த்த வேட்டிதான் தோலுக்கு நல்லது என்றார். பெற்றோல் நின்றது, சைக்கிள் மிதிக்கிறவனுக்கு மாரடைப்பே வராது என்றார். மண்ணெண்ணெய் அருமையாகி, ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு ஊரே கண்ணைக் கசக்கியபோது, சின்ன வெளிச்சம் கண்ணுக்குக் குளிர்ச்சி என்றார். மனைவி பூரணம் மட்டும், "சீனி இல்லாத தேத்தண்ணிக்கும் ஒரு கொள்கை சொல்லுங்கோவன், விழுங்கச் சுகமாயிருக்கும்" என்பாள். அதற்கும் அவரிடம் ஒன்று இருந்தது.

ஆனால் இந்தக் கொள்கைகளுக்குள்ளே அவருடைய செல்லப்பிள்ளை இயற்கை விவசாயம். மானிய விலையில் உரம் வந்த நாட்களில், கூட்டுறவுச் சங்கக்கடைக் கதவு திறக்கமுன்னர் வாசலில் நின்றவர் யார்? அவர்தான். யூரியா போடாதவனைப் பார்த்து, "உவன் எந்தக் காலத்திலை இருக்கிறான்?" என்று சிரித்தவரும் அவர்தான். பிறகு சண்டை முற்றி, கொழும்பு அரசாங்கம் தடை போட்டு, வவுனியாவுக்கு இங்கால் யூரியா ஒரு சிரங்கை, ஒரு கையளவுதானும் வராமல் மறித்தது. இயற்கை விவசாயத்துக்கு இப்படி முழுமனதோடு உதவிய அரசாங்கம் உலகத்தில் வேறெங்கே உண்டு? கூட்டம் இல்லை, துண்டுப்பிரசுரம் இல்லை. ஒரே உத்தரவில் குடாநாடு முழுவதையும் இயற்கைக்குத் திருப்பிவிட்டது. மிச்சம் இருந்த பிரசாரத்தை ஆழ்வாப்பிள்ளையர் பொறுப்பெடுத்தார்.

"யூரியா எண்டது நஞ்சு! மண்ணைச் சாக்காட்டும், கிணத்துத் தண்ணியைக் கெடுக்கும். வேலியிலை நிக்கிற குழையை வெட்டித் தோட்டத்து மண்ணுக்குள்ளை தாழுங்கோ. பிறகு என்ரை வெங்காயத்தை வந்து பாருங்கோ!" என்று சனசமூக நிலையத்தில் மேசையைத் தட்டிப் பேசினார்.

அருமையான பேச்சு. ஒரேயொரு பிழை, ஊர் அதை நம்பிவிட்டது. அடுத்த கிழமையே, நீண்ட தடியில் அரிவாள் கட்டிய கொக்கைச்சத்தகத்தோடு எல்லாரும் வேலிகளில் விழுந்தார்கள். பூவரசு மொட்டை, கிளுவை மொட்டை. இந்த வளவில் நின்றால் நாலாம் வளவுக் கிணற்றடி தெரிந்தது. சும்மா கிடந்த சாணிக்கும் கிராக்கி வந்து, மாட்டுக்குப் பின்னால் கடகப்பெட்டியோடு ஆட்கள் நடந்தார்கள். பேசிக் களைத்து வீட்டுக்கு வந்தவருக்கு ஊரில் ஒரு கொப்புக் குழை மிஞ்சவில்லை. வேறு வழியில்லாமல் வெறும் மண்ணில் வெங்காயம் நட்டார். மூன்று கிழமையில் தாள் மஞ்சள் அடித்தது.

"கொள்கையைச் சட்டியிலை போட்டுக் காய்ச்சேலாது. உந்த வெங்காயம் பிழைச்சால் வருசம் முழுக்க என்னத்தைத் தின்னிறது?" என்றாள் பூரணம். அவருக்கும் சாப்பாட்டுப் பயம் வந்தது. சாப்பாட்டைவிட மானத்துக்குத்தான் கூடப் பயந்தார். வெங்காயம் பார்க்க ஊரையே அல்லவா அழைத்து வைத்திருக்கிறார்!

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தோட்டத் தியாகராசா சைக்கிளில் வந்து இறங்கினான். அவருடைய பேச்சைக் கேட்டுக் கண் கலங்கியவன் அவன். சைக்கிள் கரியரில் அரைச் சாக்கு.

"அண்ணை, பழைய யூரியா. வீட்டு மூலையிலை கிடந்தது. நீங்கள் நஞ்செண்டு சொன்னதிலையிருந்து தொடவே பயமாக் கிடக்கு. உதை எங்கை கொண்டுபோய்க் கொட்டுறது?"

ஆழ்வாப்பிள்ளையர் சாக்கின் வாயைப் பிரித்துப் பார்த்தார்.

"கொட்டிறதோ! உனக்கென்ன விசரே? கிணறெல்லாம் கெட்டுப்போம். ஒருத்தற்ரை தோட்டத்திலையும் போடாதை. இஞ்சை வை. ஊருக்கு வாற கேட்டை நான் ஒருத்தன் தாங்கிறன்."

தியாகராசா கும்பிடாத குறையாகச் சாக்கை இறக்கிவிட்டுப் போனான்.

"சிவபெருமானுக்குப் பிறகு நஞ்சை ஏத்தது நீங்கள்தான்," என்றாள் பூரணம். "நான் தொண்டையைப் பிடிக்கவோ?"

அன்றிரவே அவர் சாக்கோடு தோட்டத்தில் இறங்கினார். நஞ்சை அளந்து அளந்து பாத்தி பாத்தியாகத் தாங்கினார்.

அழைத்தபடி ஊர் வந்தபோது வெங்காயத் தாள் கரும்பச்சையாக நிமிர்ந்து நின்றது. "எல்லாம் குழை," என்றார் ஆழ்வாப்பிள்ளையர், கண்ணை மூடிக்கொண்டு. தியாகராசா மட்டும் குனிந்து, தாளைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"அண்ணை, நானும் நீங்கள் சொன்னபடி குழைதானே தாழ்த்தனான்? என்ரை ஏன் இப்பிடி வரேல்லை?"

"உனக்கு நம்பிக்கை காணாது, தம்பி. இன்னும் வேணும்."

பூரணத்துக்குப் பொறுக்கவில்லை. "நம்பிக்கையுமில்லை, ஒண்டுமில்லை. நீ கொண்டந்த நஞ்சுதான் உதிலை நிக்குது."

ஊர் திரும்பி அவரைப் பார்த்தது. ஆழ்வாப்பிள்ளையர் ஒரேயொரு முறை செருமினார். கொள்கைக்காரருக்கு அது போதும்.

"யூரியா எதிலையிருந்து வருது? காத்திலை இருக்கிற நைதரசனிலையிருந்து. காத்து இயற்கை இல்லையோ? விளங்காமல் கதைக்கக்கூடாது."

"ஓம், அதுவும் சரிதான்," என்றார்கள் நாலு பேர். "அப்ப எங்களுக்கும் ஒரு சிரங்கை தாங்கோவன்."

"அது முடிஞ்சுது," என்றார். சற்று யோசித்தார். "முடிஞ்சதும் நல்லதுக்குத்தான். நஞ்சுச் சாமான், மண்ணைச் சாக்காட்டும். நீங்கள் குழையைத் தாழுங்கோ."

தியாகராசா மூலையில் கிடந்த தன் வெறுஞ்சாக்கை எடுத்து, உதறி, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தன்னுடைய மஞ்சள் வெங்காயத்தைப் பார்க்கப் போனான். எனக்கு அவனை நினைக்கத்தான் வயிறு எரிகிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். வெள்ளைத் தாளுக்கும் தட்டுப்பாடு என்பதால் இந்தப் புத்தகம் பள்ளிக் கொப்பிக்குரிய கோடு போட்ட தாளில் அச்சாகியிருக்கிறது. முதல் பக்கத்தைத் திறந்ததும் என்ன சொன்னீர்கள்? "கோடு இருக்கிறதும் நல்லதுதான், வரி தப்பாமல் வாசிக்கலாம்" என்றா? அப்படியானால் வாங்குப் பலகையில் கொஞ்சம் ஒதுங்கி இருங்கள். ஆழ்வாப்பிள்ளையர் உங்கள் பக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்கிறார்.